ஜீப் கதவைக் கழற்ற முடிகிறது என்பதற்காக நெடுஞ்சாலையிலுமா?

அந்தக் கதவில்லாத ஜீப் வீடியோவைப் பற்றி எழுதக் கூடாது என்றுதான் இருந்தேன். பார்க்காதவர்கள் யாரும் இருக்க மாட்டீர்கள், அதனால் இங்கே மறுபடி பகிரவில்லை. அதைப் போட்டவருக்கு இன்னும் கொஞ்சம் வியூஸ் ஏற்றிவிடும் எண்ணமும் இல்லை. நான்கு கதவும் கழற்றிய ராங்லர் (கதவைக் கழற்றி மாட்டும்படியே செய்த ஜீப்), வண்டிகள் பறக்கும் நெடுஞ்சாலை, பின்சீட்டில் ஒரு குழந்தை, அதன் ஒரு கால் வெளியே. நான் போட்டது ஒரே ஒரு கமெண்ட்: "காட்டுப்பாதையில் கழற்றுங்கள், நெடுஞ்சாலைக்கு வரும்போது மாட்டிக்கொள்ளுங்கள். பின்னால் குழந்தை இருக்கிறது." திட்டவில்லை, ஆச்சரியக்குறிகூடப் போடவில்லை. அதற்கு வந்த பதில்களைத்தான் நீங்களே பார்த்தீர்களே. "அத்தைக்குப் பயம்." "ஸ்கூட்டிக்கும் கதவு வெச்சுக்கோங்க." "ஜீப்னா என்னன்னு தெரியுமா?"

தெரியும். கதவைக் கழற்றத் தெரியும், திரும்ப மாட்டவும் தெரியும். முதலில் ஜன்னல் கண்ணாடியை இறக்கிவிட வேண்டும், அப்புறம் கதவுக்குள் போகும் வயரின் பிளக்கைப் பிடுங்க வேண்டும், கதவு அகலத் திறக்காமல் பிடித்திருக்கும் பட்டையை விடுவிக்க வேண்டும், கீல் போல்ட்டை டி50 டார்க்ஸ் பிட் (நட்சத்திர முனைத் திருப்பி) போட்டுத் திருக வேண்டும், பிறகு கதவை நேராக மேலே தூக்க வேண்டும். 2018இல் வந்த தலைமுறையில் எந்த பிட் என்று கீலிலேயே பொறித்திருக்கிறார்கள். அவசரத்தில் பிளக்கை மறந்துவிட்டுத் தூக்குகிறவர்களை எனக்குத் தெரியும், வயர் பட்டென்று இழுபடும், முகம் போகும் போக்கைப் பார்க்க வேண்டும். ஆக, கதவில்லாமல் ஓட்டியிருக்கிறேன், இனியும் ஓட்டுவேன். காட்டுப்பாதையில்.

அங்கே கழற்றுவதற்குக் காரணம் இருக்கிறது. பாறைமேல் ஏறும்போது தலையைச் சாய்த்தால் முன்சக்கரம் எந்தக் கல்லில் உட்காருகிறது என்று தெரியும். குறுகலான இடத்தில் கதவு மரத்தில் உரசி நசுங்காது. ஓடையில் இறங்கும்போது ஏதாவது ஆனால் சட்டென்று வெளியே வந்துவிடலாம். இதெல்லாம் நடந்து போகிற வேகத்தில். அந்த வேகத்திலேயே ஒரு முறை முள்கிளை உள்ளே வந்து என் முழங்கையிலிருந்து மணிக்கட்டுவரை கோடு போட்டுவிட்டுப் போனது. அதே கிளை நெடுஞ்சாலை வேகத்தில் வந்தால் என்ன ஆகும் என்று நான் விளக்க வேண்டியதில்லை. நெடுஞ்சாலையில் கிளை வராது, லாரி டயர் தெறிக்கவிடும் கல் வரும்.

"சட்டம் அனுமதிக்கிறது, உங்களுக்கென்ன?" இது அடுத்த வாதம். எந்தச் சட்டம்? அமெரிக்காவைக் காட்டுகிறீர்கள், சரி, அதையே பார்ப்போம். அங்கே பெரும்பாலான மாநிலங்களில் கதவில்லாமல் ஓட்டத் தடை இல்லை என்பது உண்மைதான். ஆனால் கதவோடு, பின்னால் வரும் வண்டியைப் பார்க்கும் பக்கக் கண்ணாடியும் போய்விடுகிறது, போலீஸ் நிறுத்தினால் கேட்பது அதைத்தான். 2021இல் வந்த ஃபோர்டு பிராங்கோவில் கண்ணாடியைக் கதவில் வைக்காமல் முன்பக்க உடலிலேயே வைத்தது இதற்காகத்தான். அந்த வீடியோ வண்டியில் பக்கக் கண்ணாடி இருந்ததா? இன்னொரு தடவை பார்த்துவிட்டு வந்து சொல்லுங்கள்.

சட்டம் அனுமதிக்கிறது என்றால் என்ன அர்த்தம் என்றும் பாருங்கள். அமெரிக்க வாகனப் பாதுகாப்பு விதிகளில் 206 என்று ஒன்று உண்டு, கதவின் பூட்டும் கீலும் விபத்தில் விட்டுக்கொடுக்காமல் இருக்க வேண்டும் என்பது. எளிதாகக் கழற்றி மாட்டும் கதவுகளுக்கு அதிலிருந்து விலக்கு. பயணி வெளியே வீசப்படாமல் தடுப்பதற்கான 226ஆம் விதியிலும் இப்படிப்பட்ட வண்டிகளுக்கு விலக்கு. அதாவது, சோதித்துப் பார்த்து "கதவில்லாமலும் பரவாயில்லை" என்று யாரும் சான்றிதழ் கொடுக்கவில்லை. "இந்த வண்டியை இதற்காகச் சோதிக்கப் போவதில்லை" என்று விட்டிருக்கிறார்கள். இரண்டும் ஒன்றா?

இதைவிட வேடிக்கை, ராங்லரோடு வரும் கையேட்டிலேயே இருக்கிறது. கழற்றும் முறையைச் சொல்லிக்கொடுக்கிற அதே இடத்தில், கதவில்லாமல் பொதுச்சாலையில் ஓட்டாதீர்கள், கதவு தரும் பாதுகாப்பை இழப்பீர்கள், இந்த முறை சாலைக்கு வெளியே ஓட்டுவதற்கு மட்டும் என்று எச்சரிக்கை போட்டிருக்கிறார்கள். விளம்பரத்தில் காற்றில் முடி பறக்கும், கையேட்டில் பொறுப்பு உங்கள் தலையில் விழும். நிறுவனமும் ஒன்றும் யோக்கியம் இல்லை. ஆனால் நான் சொன்னால் "அத்தைக்குப் பயம்", வண்டியைச் செய்தவனே சொன்னால்?

இந்தியாவில் கதையே வேறு. 1988 மோட்டார் வாகனச் சட்டத்தின் 52ஆவது பிரிவு, தயாரிப்பாளர் கொடுத்த அமைப்பிலிருந்து, பதிவுச் சான்றில் உள்ள விவரங்கள் மாறும்படி வண்டியை மாற்றக் கூடாது என்கிறது. 2019 ஜனவரியில் உச்ச நீதிமன்றமும் அதையே அழுத்திச் சொன்னது. கதவோடு வந்த வண்டியை ஸ்பேனரை எடுத்து மொட்டையடித்துவிட்டு "ஜீப்புன்னா இப்படித்தான்" என்று நிற்பவர்கள் அதைப் படித்துவிட்டு என்னிடம் வரலாம்.

"வில்லிஸ் ஜீப்பில் கதவே கிடையாதே!" கிடையாதுதான். இரண்டாம் உலகப் போருக்காகச் செய்த வண்டி அது. அதில் இன்றைய சீட் பெல்ட்டும்தான் இல்லை, அதையும் அறுத்துப் போட்டுவிடலாமா?

"பைக்குக்குக் கதவு இருக்கா?" இந்தக் கேள்வியில் கொஞ்சம் நியாயம் இருக்கிறது, மறுக்க மாட்டேன். கதவில்லாத ஜீப் பைக்கைவிட ஆபத்து என்று நான் எங்கேயும் சொல்லவில்லை, சொல்லவும் முடியாது. ஆனால் பைக் ஓட்டுகிறவன் ஹெல்மெட் போடுகிறான், தான் வெட்டவெளியில் இருக்கிறோம் என்ற நினைப்போடு ஓட்டுகிறான். ஜீப்பில் உட்காருகிறவருக்கு மேலே கம்பிக்கூண்டு, இடுப்பில் பெல்ட், முன்னால் ஏர்பேக், எல்லாம் இருக்கிறது என்ற தைரியம். அந்தக் கூண்டு காப்பாற்றுவது அதற்குள்ளே இருக்கிற உடம்பை. பெல்ட் இடுப்பையும் மார்பையும் பிடிக்கும், கையையும் காலையும் பிடிக்காது. வண்டி சாயும்போது கையை ஊன்றத்தான் எவருக்கும் தோன்றும், பழக்கத்தால் அடக்க முடியாது. பந்தய வண்டிகளில் ஜன்னலுக்கு வலை கட்டுவதும் மணிக்கட்டில் பட்டை போடுவதும் எதற்கு என்று நினைக்கிறீர்கள்? ஊன்றிய கையின் மேல் விழுவது ஏறத்தாழ இரண்டு டன் வண்டி.

சாயும் என்பதும் என் கற்பனை இல்லை. 2020இல், வண்டிகளை மோதவிட்டுச் சோதிக்கும் அமெரிக்காவின் ஐஐஹெச்எஸ் அமைப்பு, மணிக்கு 64 கிலோமீட்டர் வேகத்தில் ராங்லரின் ஓட்டுநர் பக்க முன்மூலையை மட்டும் தடுப்பில் மோதவிட்டபோது, வண்டி மறுபக்கமாகச் சாய்ந்து படுத்துவிட்டது. அது கதவோடு நடத்திய சோதனை. கதவில்லாமல் அந்தப் பக்கம் ஒரு ஆள் உட்கார்ந்திருந்தால்? பக்கவாட்டு மோதலையும் யோசியுங்கள். முன்னால் இடித்தால் நசுங்க முழு எஞ்சின் அறை இருக்கிறது. பக்கத்தில் இருப்பது கதவின் கனமும் அதற்குள் ஓடும் இரும்புக் குறுக்குச்சட்டமும்தான். அதையும் வீட்டில் சுவரோரம் சாத்தி வைத்துவிட்டு வருகிறீர்கள். பக்கவாட்டில் திரைபோல் விரியும் ஏர்பேக் ராங்லருக்கு வந்ததே 2024 மாடலில்தான்.

என் அண்ணன் மகனை ஒரு முறை காட்டுப்பாதைக்குக் கூட்டிப் போயிருந்தேன். கதவு கழற்றியிருந்தது. போனில் சக்கரத்தைப் படம் பிடிக்கிறேன் என்று தோளை வெளியே விட்டுத் தொங்கினான். நிறுத்திவிட்டேன். "அத்தை, மெதுவாத்தானே போறோம், எல்லாரும் பண்றாங்க" என்றான். உள்ளே வரும்வரை வண்டி நகராது என்றேன். முகத்தைத் தூக்கிக்கொண்டு உட்கார்ந்தான், திரும்பி வரும்வரை பேசவில்லை. பேசாமல் இருக்கட்டும். அவனுக்கு அப்போது ஆபத்து எது என்று தெரியாது, தெரிந்து வைத்திருக்க வேண்டியது நான். வீடியோவில் காலை நீட்டியிருந்த குழந்தைக்கும் தெரியாது. "என் வண்டி, என் உயிர், என் சுதந்திரம்" என்று எழுதியிருந்தவரே, பின்சீட்டில் இருந்தது உங்கள் உயிர் இல்லை.

இதெல்லாம் தெரியாதவர்கள் கேலி செய்திருந்தால் சிரித்துவிட்டுப் போயிருப்பேன். அந்தக் கமெண்டுக்குச் சிரிப்பு எமோஜி போட்டவர்களில் ஒருவருக்கு, செங்குத்தான இறக்கத்தில் பிரேக்கை மிதிக்காமல் லோ ரேஞ்ச் கியரில் மெதுவாக எப்படி இறங்குவது என்று பக்கத்தில் உட்கார்ந்து சொல்லிக்கொடுத்தவள் நான். அன்றைக்கு அவருக்கு உள்ளங்கை வேர்த்து ஸ்டியரிங் வழுக்கியது. அதை நான் எந்த குரூப்பிலும் எழுதவில்லை. ஒரு ஆண் இதே கமெண்டைப் போட்டிருந்தால் "அண்ணன் அனுபவத்துல சொல்றார்" என்று இதயம் விட்டிருப்பீர்கள். ஜீப் ஓட்டுகிறவர்கள் எதிரே வரும் ஜீப்புக்குக் கையசைப்பார்கள், தெரியும்தானே. எனக்கும் அசைப்பார்கள். வண்டிக்குள் இருப்பது யார் என்று தெரிகிறவரை.

சரி, கதவுக்கு வருகிறேன். காற்றுதான் வேண்டும் என்றால் கூரையைத் திறங்கள், அதற்கும் அதே வண்டியில் வழி இருக்கிறது. அரைக் கதவு கிடைக்கிறது. வெறும் குழாயை வளைத்துச் செய்த குழாய்க் கதவுகூட இருக்கிறது, மோதலுக்கு அது பெரிதாகத் தாங்காது, ஆனால் குழந்தையின் கால் உள்ளே இருக்கும், கண்ணாடி மாட்டவும் இடம் இருக்கும். எல்லாவற்றையும் காட்டுப்பாதை தொடங்கும் இடத்தில் கழற்றி, முடியும் இடத்தில் மாட்டலாம். பிட் பையிலேயே இருக்கட்டும்.

கதவைப் பற்றிக் கேள்வி இருந்தால் கீழே கேளுங்கள், தெரிந்ததைச் சொல்கிறேன். என் வயதைப் பற்றிக் கேட்கிறவர்களை பிளாக் செய்துவிட்டுத் தூங்கப் போகிறேன்.