ஆம் / இல்லை என்று கேட்டு வாங்கிக்கட்டிக்கொண்ட கதை

ஓர் அலுவலகத்தில் வேலை எப்படி நடக்கிறது என்று பார்த்து, எதை மாற்றலாம் என்று யோசனை சொல்பவர்தான் நிர்வாகப் பகுப்பாய்வாளர். அந்த வேலைக்கான விளம்பரங்களைப் பார்த்தால் எக்செல் தெரியவேண்டும், பட்ஜெட் பார்க்கத் தெரியவேண்டும், அறிக்கை எழுதத் தெரியவேண்டும் என்று நீளமாகப் போகும். எல்லாம் சரிதான். இந்த வேலையில் சில வருடம் குப்பை கொட்டியவன் என்ற முறையில் சொல்கிறேன், நாற்காலியை விட்டு எழுந்து போகத் தெரியுமா என்று மட்டும் யாரும் கேட்பதில்லை.

நான் வேலைக்குச் சேர்ந்த புதிது. ஒரு பிரிவில் ஒரே விவரத்தைக் கணினியிலும் ஏற்றி, நோட்டிலும் எழுதிக்கொண்டிருந்தார்கள். இரட்டை வேலை, நோட்டை நிறுத்தலாம் என்று குறிப்பு வைத்தேன். பாராட்டு கிடைத்தது. நோட்டு நின்றது. இரண்டே மாதத்தில் கூச்சல். கணினியில் விண்ணப்பம் வந்த தேதியும் முடிந்த தேதியும்தான் இருந்தன. நடுவில் அது யார் மேஜையில் கிடக்கிறது என்பதற்கு, நோட்டின் ஓரத்தில் பென்சிலால் எழுதிய பெயர்தான் ஒரே தடயம். அதை எழுதிவந்த அக்கா பக்கத்தில் அரை மணி நேரம் உட்கார்ந்திருந்தால் சொல்லியிருப்பார். நானோ மின்னஞ்சலில் ‘இது தேவையா? ஆம் / இல்லை’ என்று கேட்டிருந்தேன். நமக்கெதற்கு வம்பு என்று அவரும் ‘இல்லை’ போட்டுவிட்டார்.

அப்புறம்தான் ஒரு தாளைப் பிடித்துக்கொண்டு அது போகிற மேஜைக்கெல்லாம் நானும் போக ஆரம்பித்தேன். ஒன்றும் புதிய வித்தை இல்லை. ஒரு வேலையின் ஒவ்வொரு படியையும் குறியீடுகளால் வரைந்து காட்டும் முறையை ஃபிராங்க், லில்லியன் கில்பிரெத் தம்பதி 1921-இலேயே அமெரிக்க இயந்திரப் பொறியாளர் சங்கத்தில் முன்வைத்துவிட்டார்கள்.

அப்படிப் போனால் முதலில் கண்ணில் படுவது காத்திருப்பு. ஒரு பிரிவுக்கு நாளைக்கு 20 கோப்பு வருகிறது, 20 முடிகிறது, 300 நிலுவையில் இருக்கிறது என்று வையுங்கள். ஒரு கோப்பு சராசரியாக 15 வேலைநாள் உள்ளே கிடக்கிறது. அமெரிக்கப் பேராசிரியர் ஜான் லிட்டில் 1961-இல் நிறுவிய விதி இதுதான், நிலுவையை ஒரு நாள் வரவால் வகுக்கிற வெறும் வகுத்தல் கணக்கு. அந்த 15 நாளில் யாராவது கை வைத்த நேரம் ஒரு மணிகூட இருக்காது. பிரிவுத் தலைவர் ‘ஆள் பற்றவில்லை’ என்பார். வருவதும் முடிவதும் சமமாக இருக்கும்போது நிரந்தரமாக எதற்கு ஆள்? ஒரு தடவை முக்கித்தக்கி நிலுவையைக் குறைத்துவிட்டால், பிறகு அதே ஆட்களே சமாளிப்பார்கள். இதை அவர் முகத்துக்கு நேராகச் சொல்வதும் நம் வேலைதான், சம்பளத்தில் பாதி அதற்குத்தான் என்பது என் எண்ணம்.

உடனே ‘7 நாளில் முடிக்கவேண்டும்’ என்று ஓர் இலக்கு வைப்பார்கள். ஆறாம் நாள் பாதிக் கோப்புகள் ‘விவரம் போதாது’ என்று திரும்பிப்போகும். மறுபடி வந்தால் கணக்கு ஒன்றிலிருந்து தொடங்கும் அல்லவா! எண்ணை மட்டும் பார்த்து அறிக்கை எழுதுகிறவருக்கு இது முன்னேற்றமாகத் தெரியும்.

முடிவெடுப்பது அதிகாரி. ஆனால் நாம் சொல்கிற யோசனையால் யாருக்கு வேலை கூடும் என்பதைக் குறிப்பிலேயே எழுதவேண்டியதும், மூன்று மாதம் கழித்துப் போய்ப் பார்க்கவேண்டியதும் நாம்.

அந்த நோட்டு மறுபடி ஓடிக்கொண்டிருக்கிறது. கணினியில் ‘யார் கையில்’ என்று ஒரு கட்டம் சேர்க்கச் சொல்லிக் கோப்பு அனுப்பி எட்டு மாதம் ஆகிறது. அது இப்போது எந்த மேஜையில் இருக்கிறது என்று அக்காவின் நோட்டைப் பார்த்துத்தான் சொல்லவேண்டும்.