காலியில் பார்த்த கயிற்றுத் துண்டு

இலங்கையின் தென்கரையிலுள்ள காலி நகருக்கு நான் போனது இது நான்காவது தடவை. முதல் மூன்று தடவையும் எல்லோரும் செய்வதையே செய்தேன். கொத்தளத்தில் ஏறி நடந்து, வெளிச்சவீட்டடியில் படம் எடுத்து, பொழுதுபடும் நேரம் கொழும்புக்கு ரயில் ஏறிவிட்டேன். கடல்சார் அருங்காட்சியகத்தின் வாசலைத் தாண்டித்தான் ஒவ்வொரு முறையும் போயிருக்கிறேன். உள்ளே போகத் தோன்றியதில்லை. இந்தத் தடவை மகள் கையைப் பிடித்து இழுத்துக்கொண்டு போனாள். நீளமான பதிவு இது, பொறுமையாக வாசியுங்கள்.

கட்டடமே பார்க்க வேண்டிய பொருள். 17ஆம் நூற்றாண்டில் ஒல்லாந்தர் (டச்சுக்காரர்) கட்டிய பண்டகசாலை அது. கோட்டை மதிலை ஒட்டி நீளமாக ஓடுகிறது. பழைய கோட்டை வாசல் அதை ஊடறுத்துப் போகிறது. வாசலின் வெளிப்பக்கம் பிரித்தானிய முடியின் சின்னம். உட்பக்கம் ஒல்லாந்தக் கிழக்கிந்தியக் கம்பனியின் சின்னமும், உரோம எண்களில் 1669 என்ற ஆண்டும், உச்சியில் ஒரு சேவலும் இருக்கின்றன. 1992இல் இங்கே அருங்காட்சியகம் வந்தது. 2004 ஆழிப்பேரலை உள்ளே புகுந்து நாசமாக்கியது. 2010இல் மீண்டும் திறந்தார்கள்.

உள்ளே என்னை நிறுத்தி வைத்தது ஒரு கயிற்றுத் துண்டு. பீரங்கி, நங்கூரம், பீங்கான் எல்லாவற்றையும் பார்த்துக்கொண்டு வந்தவன் அங்கே நின்றுவிட்டேன். கரிய நிறம், என் மணிக்கட்டளவு பருமன். மூன்று புரிகளும் ஒன்றையொன்று இறுக்கிப் பிடித்தபடி அப்படியே இருக்கின்றன. ஒரு பக்கம் மட்டும் தேய்ந்து தட்டையாகியிருக்கிறது. எதன்மீதோ நெடுநாள் உராய்ந்திருக்க வேண்டும். யாரோ ஒருவன் உள்ளங்கை எரிய எரிய இழுத்த கயிறு. அவனுடைய பெயர் எங்கும் இல்லை.

காலித் துறைமுகத்தில் மூழ்கிக் கிடக்கும் கப்பல்களில் நன்றாக ஆராயப்பட்டது ‘அவொண்ட்ஸ்டர்’. ஒல்லாந்த மொழியில் அந்தி வெள்ளி என்று பொருள். ஆங்கிலேயரிடமிருந்து ஒல்லாந்தர் பிடித்த கப்பல் அது. பாக்கு ஏற்றிக்கொண்டு இந்தியக் கரைக்குப் புறப்பட நின்றபோது, 1659 ஜூலை 2ஆம் திகதி நங்கூரம் நழுவிக் கரையோரம் மூழ்கியது. பாக்கு என்றதும் மகள் சிரித்தாள். “அப்பம்மா போடுகிற பாக்கா அப்பா?” அதே பாக்குத்தான் மகளே. ஈழத்துப் பாக்கு அக்கரைக்குப் போவதும், அங்கிருந்து துணியும் அரிசியும் இங்கே வருவதும் நூற்றாண்டுக்கணக்காக நடந்த வாணிபம்.

கடலடியில் கிடந்த பொருளை எடுத்து வெயிலில் வைத்தால் பாழாகிவிடும். மரமும் கயிறும் தோலும் நீரை உறிஞ்சி, அந்த நீரின் பலத்திலேயே உருவம் குலையாமல் இருக்கின்றன. சட்டென்று காய்ந்தால் சுருங்கி வெடித்துவிடும். ஆகவே மாதக்கணக்கில் நன்னீரில் ஊறவைத்து உப்பை வெளியேற்றி, பிறகு மெழுகு போன்ற ஒரு பொருளைச் சிறிது சிறிதாக ஏற்றி உலர்த்துகிறார்கள். பச்சைக் குழந்தையைப் பார்ப்பதுபோலப் பார்க்கும் வேலை. அப்படிப் பார்த்துவந்த பொருள்களில் பல, துறைமுகத்தருகே இருந்த பணிமனையோடு 2004இல் அடித்துச் செல்லப்பட்டன. அதன் பிறகும், மூழ்கிய கப்பல்களை ஆராயும் சுழியோடிகள் தண்ணீருக்குள் இறங்கினார்கள். அவர்களுக்கு என் வணக்கம்.

அம்பாந்தோட்டைப் பக்கம் கொடவாயவில் சங்கு குளிக்கப் போனவர்கள் 2003இல் கண்ட கப்பல் இன்னும் பழையது, ஏறக்குறைய 2,000 ஆண்டு. அதில் கண்ணாடிக் கட்டிகளும், கால் வைத்த அம்மிக் கல்லும் கிடைத்தன.

காலியைப் பற்றிப் பேசினால் நம்மவர்கள் உடனே மும்மொழிக் கல்வெட்டுக்கு வந்துவிடுவார்கள். வரவேண்டியதுதான். சீனக் கடற்படைத் தளபதி செங் ஹே நிறுவிய கல் அது, 1409ஆம் ஆண்டுக்குரியது. சீன மொழியில் புத்தருக்கும், தமிழில் தேவேந்திரமுனையில் கோயில்கொண்டிருந்த தெனாவரை நாயனாருக்கும், பாரசீகத்தில் அல்லாவுக்கும் காணிக்கை சொல்லப்பட்டிருக்கிறது. 1911இல் காலியில் ஒரு மதகின் மேல் மூடுகல்லாகக் குப்புறக் கிடந்தபோது கண்டெடுத்தார்கள். இப்போது கொழும்பு தேசிய அருங்காட்சியகத்தில் இருக்கிறது. அந்தக் கல்லைப் பார்க்கும்போது எனக்குத் துறைமுகத்துச் சனம்தான் நினைவுக்கு வருகிறது. கடல் கடந்து வந்த தளபதி தமிழில் எழுதி வைத்தான் என்றால், தமிழில் விலை பேசியவர்களும் தமிழில் கணக்கு எழுதியவர்களும் இந்தக் கரையோரங்களில் நிறைந்திருந்தார்கள் என்றுதான் நான் படிக்கிறேன்.

எனக்கு ஒரு மனக்குறை உண்டு. ராஜேந்திர சோழன் 1025இல் கடாரத்துக்குக் கப்பல் விட்டதை எத்தனை தடவை எழுதுகிறோம்! அந்தக் கப்பல்களுக்கு எந்த மரம் அறுத்தார்கள், பலகைக்கும் பலகைக்கும் இடையே எதை வைத்து அடைத்தார்கள், பாய் எதில் நெய்தார்கள் என்று எத்தனை பேர் கேட்டிருக்கிறோம்? அவ்வளவு தூரம் போக வேண்டாம். யாழ்ப்பாணக் கரையிலுள்ள வல்வெட்டித்துறையில் வேப்பமரத்தில் கட்டிய ‘அன்னபூரணி’ ஓர் அமெரிக்கர் கைக்கு மாறி, அவ்வூர் மாலுமிகளோடு 1938இல் அமெரிக்காவின் குளொஸ்டர் துறைமுகத்தை அடைந்தது. பாய்க்கப்பல்! ஊரில் அதைப் பெருமையாகச் சொல்லாதவர்கள் இல்லை. ஆனால் அதைக் கட்டிய மேத்திரிமார் கையில் என்ன உளி இருந்தது, அந்த உளிக்கு என்ன பெயர்?

எங்கள் வீட்டில் ஒன்று இருந்தது. அப்பப்பா விட்டுப்போனது. சாண் நீள இரும்பு, நுனி கூர் இல்லாமல் தட்டையாக இருக்கும். அம்மா அதை வைத்து மாவு டின் மூடியைத் திறப்பார். காலியிலிருந்து திரும்பும் ரயிலில், மகள் தோளில் சாய்ந்து தூங்க, பருத்தித்துறையில் இருக்கும் மாமியை அழைத்துக் கேட்டேன். அவருக்கு 84 வயது. “அது கலப்பற்று உளியடா தம்பி. பலகை இடுக்கிலே பஞ்சை வைத்து அதாலேதான் அடிப்பார். பிறகு குங்கிலியம் காய்ச்சிப் பூசுவார். வீடெல்லாம் மணக்கும்” என்றார். நான் ஒன்றும் கேட்காமலேயே தொடர்ந்தார். தண்டையல் (கப்பல் தலைவன்), சுக்கான், பருமல் (பாய் கட்டும் குறுக்குமரம்); பிறகு காற்றுகளின் பெயர்கள்: சோளகம், வாடை, கச்சான். எந்தக் காற்றுக்கு எந்தப் பக்கம் போவார்கள் என்பதையும் சொன்னார். அளுத்கம தாண்டும்வரை பேசினார். கையில் தாள் இல்லாமல் டிக்கெட்டின் பின்பக்கத்தில் எழுதினேன்.

அடுத்த மாதம் ஒலிப்பதிவுக் கருவியோடு மாமியிடம் போகிறேன். உங்கள் வீட்டிலும் இப்படி ஒரு துருப்பிடித்த இரும்போ, ஓட்டைத் துடுப்போ, பாய் தைத்த ஊசியோ கிடந்தால் படம் எடுத்து இங்கே போடுங்கள். பெயர் தெரிந்தவர்கள் உயிரோடு இருந்தால், அவர்கள் வாயாலேயே சொல்லச் சொல்லிப் பதிந்து அனுப்புங்கள். உளி இன்னும் அம்மாவின் குசினியில்தான் இருக்கிறது; டின் மூடி திறக்க வேறு கரண்டி வாங்கிக் கொடுத்துவிட்டேன்.