வாரண்டி முடிந்த வண்டிக்கும் கம்பெனியிடம் கேட்கலாம், ஸ்பேனர் வைப்பதற்கு முன்னால் கேளுங்கள்

"வாரண்டி முடிஞ்சு நாலு மாசம் ஆச்சு சார். எஸ்டிமேட் போட்டுடட்டுமா?"

சர்வீஸ் சென்டரில் இந்தக் கேள்வி வந்ததும் பெரும்பாலானவர்கள் தலையாட்டிவிடுகிறார்கள். கம்பெனி ஏற்றிருக்கக்கூடிய செலவு அந்த நொடியில் நம் தலைக்கு வந்துவிடுகிறது. தவறாமல் சர்வீஸ் விட்ட வண்டியில், பத்து வருடம் உழைக்க வேண்டிய பாகம் நாற்பதாவது மாதத்தில் போனால், முழுப் பணத்தையும் நாமே கட்ட வேண்டும் என்பது நியாயமே இல்லை. கேட்க ஒரு வழி இருக்கிறது. ஆனால் எதை முதலில் செய்வது, எதைப் பிறகு செய்வது என்ற வரிசை தப்பினால் அந்த வழி அடைபட்டுப் போகும்.

டீலர்ஷிப் பாஷையில் இதற்கு 'குட்வில்' என்று பெயர். வாரண்டி தேதி தாண்டிய பிறகும், வண்டியின் வரலாற்றைப் பார்த்து, பாகத்தின் விலையிலோ லேபரிலோ ஒரு பங்கைக் கம்பெனி ஏற்பது. இது நம் உரிமை அல்ல, அவர்கள் விருப்பம். அதற்காகக் கூனிக் குறுகிக் கேட்க வேண்டியதும் இல்லை. ஆதாரம் சரியாக இருந்தால் பாதியாவது இறங்கி வருவதற்கு நல்ல வாய்ப்பு உண்டு.

முதலில் யாரிடம் கேட்பது என்று தெரிய வேண்டும். ஜாப் கார்டு (நம் புகாரையும் செய்யும் வேலையையும் பதியும் தாள்) எழுதும் சர்வீஸ் அட்வைசருக்கு இதில் அதிகாரமே கிடையாது. அவருக்கு மேல் ஒர்க்ஸ் மேனேஜர், அப்புறம் வாரண்டி கிளெய்ம் போடுவதற்கென்று ஒருவர். இவர்கள் எல்லோரும் டீலரிடம் சம்பளம் வாங்குபவர்கள். கம்பெனியின் ஆள் ஏரியா சர்வீஸ் மேனேஜர்தான். பல டீலர்களைச் சுற்றிப் பார்ப்பவர் அவர், ஒர்க்‌ஷாப்புக்கு வரும் நாளைக் கேட்டால் சொல்வார்கள். ஆகவே "கொஞ்சம் பார்த்துப் போடுங்க" என்று கேட்டால் அட்வைசர் லேபரில் ஐந்நூறு ரூபாய் குறைப்பார், அவ்வளவுதான். "இதை குட்வில் கிளெய்மாக ஏரியா மேனேஜருக்கு அனுப்புங்கள், அனுப்பியதை ஜாப் கார்டில் எழுதுங்கள்" என்று கேளுங்கள். அட்வைசரோடு சண்டை வேண்டாம். உங்கள் விஷயத்தை மேலே எடுத்துப் போகிறவரே அவர்தான்.

அடுத்தது நேரம். வேலை முடிந்து, பில் கட்டி, வண்டியை வீட்டுக்குக் கொண்டுவந்த பிறகு கஸ்டமர் கேருக்கு மெயில் போட்டால் அநேகமாக ஒன்றும் நடக்காது. பாகம் எப்படிப் போனது என்று பார்க்க அவர்களுக்கு வண்டியில் எதுவும் மிச்சம் இருக்காது. வெளி மெக்கானிக்கிடம் முதலில் பிரித்துப் பார்த்துவிட்டு, செலவைக் கேட்டுப் பயந்து, அதன் பிறகு ஆத்தரைஸ்டு சென்டருக்குப் போவதும் இதே கதைதான். பிரித்த அடையாளம் போல்ட் தலையிலேயே தெரியும். எச்சரிக்கை விளக்கு எரிந்தால் ஸ்கேன் போட்டதும் அதில் வரும் பழுதுக் குறியீட்டை (ஃபால்ட் கோட்) அழிக்க விடாதீர்கள். ஸ்கேன் ரிப்போர்ட்டைப் பிரிண்டாகவோ போட்டோவாகவோ வாங்குங்கள். பழுது பதிவான அந்தக் கணத்தில் எஞ்சின் வேகம், கூலன்ட் வெப்பம், வண்டியின் வேகம் எவ்வளவு இருந்தன என்ற விவரமும் அதில் இருக்கும், அதையும் சேர்த்து எடுக்கச் சொல்லுங்கள். ஓடோமீட்டரைத் தேதியோடு ஒரு போட்டோ எடுத்து வையுங்கள்.

எல்லாவற்றையும்விட வலுவான ஆதாரம் பழைய ஜாப் கார்டுகள். வாரண்டி காலத்திலேயே இதே புகாரைச் சொல்லியிருந்து, அது எழுத்தில் ஏறியிருந்தால், இது புதுப் பழுது அல்ல, அன்றைக்கே ஆரம்பித்துச் சரிசெய்யப்படாமல் விட்ட பழுது. அப்போது நீங்கள் சலுகை கேட்கவில்லை, வாரண்டியையே கேட்கிறீர்கள். காகிதம் தொலைந்திருந்தாலும் கவலை வேண்டாம். சேஸி நம்பரைப் போட்டால் ஆத்தரைஸ்டு சென்டர்களில் நடந்த சர்வீஸ் வரலாறு கம்பெனியின் கம்ப்யூட்டரில் வரும். பிரிண்ட் கேளுங்கள்.

ஏசியை எடுத்துக்கொள்வோம். நம் ஊர் வெயிலில் அதிகம் வரும் புகார், அதிகம் ஏமாறுவதும் இதில்தான். கார் ஏசி மூடிய அமைப்பு. பெட்ரோல் மாதிரி ஓட ஓட கேஸ் தீராது. வருடக்கணக்கில் ரப்பர் ஹோஸ் வழியே கொஞ்சம் கசியலாம், ஆனால் ஒன்றரை வருட வண்டியில் கூலிங் போகும் அளவுக்குக் குறையக் கூடாது. குறைந்தால் எங்கோ ஓட்டை. ஒரு சின்ன ஹேட்ச்பேக்கில் மொத்தமே 400 கிராம் பக்கம்தான் கேஸ் இருக்கும் (சரியான எடை பானட்டுக்கு அடியில் ஸ்டிக்கரில் இருக்கும்). இரண்டாவது வருடக் கோடையில் கூலிங் இல்லை என்று போகிறீர்கள், 200 கிராம் ஏற்றி "கேஸ் டாப் அப்" என்று பில் போட்டு அனுப்புகிறார்கள். அடுத்த கோடையிலும் அதே. வாரண்டி முடிந்த நாலாவது மாதம், "கூலிங் காயில் லீக் சார், டேஷ்போர்டை இறக்கணும்" என்கிறார்கள். டேஷ்போர்டை இறக்கி ஏற்றும் லேபர் ஒரு பெரிய தொகை, அதற்கு மேல் காயில், கேஸ். இங்கே அந்த இரண்டு பழைய டாப் அப் பில்களும் தங்கம். பாதிக் கேஸ் வாரண்டிக்குள்ளேயே வெளியே போயிருக்கிறது, லீக் டெஸ்ட் செய்யாமல் கேஸை மட்டும் ஏற்றியிருக்கிறார்கள் என்பதை அந்த பில்களே சொல்கின்றன. நைட்ரஜன் பிரஷர் டெஸ்டோ யூவி டை டெஸ்டோ (சாயம் கலந்து யூவி வெளிச்சத்தில் கசிவைப் பார்ப்பது) செய்து எந்த இடத்தில் லீக் என்று எழுதித் தரச் சொல்லுங்கள், பில்களோடு இணையுங்கள். மறுப்பது கடினம்.

கேட்பதற்கு முன்னால் ரீகால், அதாவது பழுதுள்ள பாகத்துக்காகக் கம்பெனியே வண்டிகளைத் திரும்ப அழைப்பது, இருக்கிறதா என்று பாருங்கள். ரீகாலுக்கும் வாரண்டி தேதிக்கும் சம்பந்தமில்லை, பாகத்தை இலவசமாகவே மாற்றித் தர வேண்டும். 2020 ஜூலையில் மாருதி 1,34,885 வேகன்ஆர், பலேனோ வண்டிகளை ஃபியூல் பம்புக்காகத் திரும்ப அழைத்தது. 2021 செப்டம்பரில் சியாஸ், எர்டிகா, பிரெஸ்ஸா, எஸ்-கிராஸ், எக்ஸ்எல்6 என்று 1,81,754 பெட்ரோல் வண்டிகளை மோட்டார் ஜெனரேட்டர் யூனிட்டுக்காக அழைத்தது. வீடு மாறியவர்கள், போன் நம்பர் மாற்றியவர்கள், செகண்ட் ஹேண்ட் வாங்கியவர்கள் பலருக்குத் தகவலே போய்ச் சேர்ந்திருக்காது. ஆர்சியில் இருக்கும் 17 எழுத்து சேஸி நம்பரைக் கம்பெனி இணையதளத்தில் ரீகால் பக்கத்தில் போட்டால் தெரிந்துவிடும். இரண்டு நிமிட வேலை. பேட்டரி, டயர் என்றால் கார் கம்பெனியிடம் நேரத்தை வீணாக்காதீர்கள், அவற்றின் வாரண்டி அந்தந்தத் தயாரிப்பாளரிடம்.

டீலர் வழி மூன்று நான்கு நாட்களில் நகரவில்லை என்றால் கஸ்டமர் கேருக்கு மெயில் போட்டு டிக்கெட் நம்பர் வாங்குங்கள். மெயில் ஒரு பக்கத்தைத் தாண்டக் கூடாது. சேஸி நம்பர், வாங்கிய தேதி, இன்றைய கிலோமீட்டர், வாரண்டி முடிந்த தேதி, எத்தனை சர்வீஸ் எங்கே விட்டது, பழுது, டெஸ்ட் முடிவு, எஸ்டிமேட் தொகை. கடைசியில் என்ன வேண்டும் என்று ஒரே வரி: "பாகத்தின் முழு விலையைக் கம்பெனி ஏற்க வேண்டும், லேபரை நான் கட்டுகிறேன்." தகுந்த நடவடிக்கை எடுக்கவும் என்று முடித்தால் தகுந்த பதில்தான் வரும், பணம் வராது. தொகையைச் சொல்லிக் கேட்டால் ஆம், இல்லை, பாதி என்று ஏதாவது ஒன்று சொல்லியாக வேண்டும். பாகத்தில் பாதி தருகிறோம் என்றால் உடனே தலையாட்டாமல் லேபரையும் கேளுங்கள், டீலர் கையில் இருப்பது அதுதான். ஒப்புக்கொண்டதை எழுத்தில் வாங்கிய பிறகே வேலையை ஆரம்பிக்கச் சொல்லுங்கள்.

மறுப்பதற்கு அவர்கள் வழக்கமாகச் சொல்லும் காரணங்களையும் தெரிந்து வைத்திருக்க வேண்டும். ஹாரனுக்கும் எல்இடி விளக்குக்கும் வயரிங்கை வெட்டி இணைத்திருந்தால் எலக்ட்ரிக்கல் பழுது எதற்கும் வாயே திறக்க முடியாது. வெளியில் சிஎன்ஜி, எல்பிஜி கேஸ் கிட் போட்டிருந்தால் எஞ்சின் விஷயத்திலும் அதேதான். வெள்ளத்தில் நின்ற வண்டி என்றால் இன்சூரன்ஸ் பக்கம் போங்கள். டீசல் வண்டியில் ஹை பிரஷர் பம்போ இன்ஜெக்டரோ போனால் "டீசலில் தண்ணீர்" என்பார்கள். உண்மையாகவும் இருக்கலாம், தண்ணீர் அந்தப் பம்பை அரித்துவிடும். ஆனால் வாய்ச்சொல்லாக ஏற்காதீர்கள். டேங்கிலிருந்தும் ஃபில்டரிலிருந்தும் சாம்பிளை உங்கள் கண் முன்னே கண்ணாடி பாட்டிலில் எடுத்து, சீல் வைத்து, ஒன்றை உங்களிடம் தரச் சொல்லுங்கள். அடியில் தண்ணீர் பிரிந்து நிற்காமல் ஃபில்டரில் மினுமினு என்று உலோகத் துகள் இருந்தால் பம்பே உள்ளுக்குள் தேய்ந்திருக்கிறது என்று வாதாட இடம் உண்டு. கிளட்ச் பிளேட், பிரேக் பேட் போன்ற தேயும் பாகங்களுக்குக் கேட்டு உங்கள் நம்பகத்தன்மையைக் கெடுத்துக்கொள்ள வேண்டாம்.

மறுத்துவிட்டால் 1915 தேசிய நுகர்வோர் உதவி எண்ணில் பதிவு செய்யுங்கள். கட்டணமில்லை. அதற்கும் மேல் மாவட்ட நுகர்வோர் ஆணையம். நீங்கள் குடியிருக்கும் மாவட்டத்திலேயே வழக்குப் போடலாம், கம்பெனி எந்த மாநிலத்தில் இருந்தாலும் சரி. 5 லட்சம் வரை விலை கொடுத்த வண்டிக்குக் கட்டணம் இல்லை, 10 லட்சம் வரை 200 ரூபாய், 20 லட்சம் வரை 400. காரணம் எழுந்த நாளிலிருந்து 2 வருடத்துக்குள் போட வேண்டும், மெயில் போட்டுக்கொண்டே இருப்பதால் அந்தக் கணக்கு நிற்காது. இணையத்தில் பலர் 2019 நுகர்வோர் பாதுகாப்புச் சட்டத்தின் 'பொருள் பொறுப்பு' (பழுதான பொருளால் நேரும் தீங்குக்கு இழப்பீடு) பிரிவைக் காட்டி நோட்டீஸ் அனுப்பச் சொல்கிறார்கள். அது தவறான வழிகாட்டல். அந்தப் பிரிவில் சொல்லும் 'தீங்கு' என்பதில் அந்தப் பொருளுக்கே நேரும் சேதம் சேராது. ரிப்பேர் செலவுக்கு 'பொருளில் குறைபாடு', 'சேவைக் குறைபாடு' என்ற அடிப்படையில்தான் போக வேண்டும். குறைபாட்டை நிரூபிக்கும் சுமை நம் மீது இருப்பதால் டெஸ்ட் ரிப்போர்ட் இல்லாமல் போகாதீர்கள்.

கால் டாக்ஸியும் லோடு ஆட்டோவும் ஓட்டும் தோழர்களுக்குத் தனியாக ஒன்று. "வணிக வாகனம், நீங்கள் நுகர்வோரே இல்லை" என்று மிரட்டினால் நம்பாதீர்கள். சொந்த உழைப்பில் பிழைப்புக்காக மட்டும் வாங்கி ஓட்டும் வண்டி என்றால் சட்டத்தின் பிரிவு 2(7) விளக்கப்படி நீங்களும் நுகர்வோர்தான். பத்து வண்டி வைத்து டிரைவர் போட்டு ஓட்டுபவருக்கு இது பொருந்தாது.

கடைசியில் முழுப் பணத்தையும் நீங்களே கட்ட நேர்ந்தாலும் கழற்றிய பழைய பாகத்தைக் கேட்டு வாங்குங்கள். நீங்கள் பணம் கட்டியிருந்தால் அது உங்களுடையது. கம்பெனி பங்கு கொடுத்திருந்தால்தான் அது திரும்பிப் போகும். பாகத்தின் மேல் இருக்கும் பார்ட் நம்பரும் தயாரிப்புத் தேதியும் தெரியும்படி போட்டோ எடுத்து, பில்லோடு அட்டைப் பெட்டியில் போட்டு வையுங்கள். பாதுகாப்பு சம்பந்தப்பட்ட பழுது என்றால், வண்டிக்கு 7 வயது ஆகாதவரை மத்திய சாலைப் போக்குவரத்து அமைச்சகத்தின் ரீகால் தளத்திலும் புகார் பதியலாம். 2021 ஏப்ரல் 1 முதல் அந்த விதி இருக்கிறது, ஒரே பழுதுக்குப் புகார்கள் குறிப்பிட்ட எண்ணிக்கையைத் தாண்டினால் அரசே ரீகாலுக்கு உத்தரவிட முடியும். நாளை அந்த ரீகால் வந்து, நீங்கள் கட்டிய பணத்தைத் திருப்பிக் கேட்கப் போகும் அன்று, அந்தப் பெட்டியும் பில்லும் கையில் இருக்க வேண்டும்.