விளையாட்டுக்குப் பன்னிரண்டு, பணப்பைக்குப் பதினாறு

குவைத்தில் வேலை செய்யும் என் தங்கை வாட்ஸ்அப்பில் ஒரு குரல் பதிவு அனுப்பியிருந்தாள். "அண்ணா, இவன் கென்ஷின் இம்பாக்ட் என்று ஏதோ ஒரு விளையாட்டுக்கு அனுமதி கேட்கிறான். எனக்கு ஒன்றும் விளங்கவில்லை. நீங்களே பார்த்து ஒரு முடிவு சொல்லுங்கள்." மருமகனுக்கு வயது பதினான்கு. இலங்கை மலையகத்தில், மஸ்கெலியாவில் எங்கள் அம்மாவின் பராமரிப்பில் இருக்கிறான். விளையாடிப் பார்க்காமல் தீர்ப்புச் சொல்ல எனக்கு மனம் வரவில்லை. ஹட்டனில் நண்பன் வீட்டு வைஃபையில் என் போனில் இறக்கினேன். இருபது ஜிகாபைட்டுக்கு மேல் இடம் பிடித்தது. தாயோ தகப்பனோ வெளிநாட்டில், போன் பிள்ளையின் கையில் என்ற நிலையில் மலையகத்தில் எத்தனையோ வீடுகள் இருப்பதால், நான் பார்த்ததைப் பொதுவில் எழுதுகிறேன்.

முதலில் மாயமந்திர விஷயத்தை முடித்துவிடுகிறேன். அரக்கர்கள், பறக்கும் நாகங்கள், கையிலிருந்து நெருப்பைக் கக்கும் பெண்கள் என்று விளையாட்டு முழுக்கக் கற்பனை உலகம். இதைப் பார்த்துப் பிள்ளையின் புத்தி கெட்டுவிடும் என்று பயப்படும் பெரியவர்கள் எங்கள் பக்கம் நிறையப் பேர். அவர்களிடம் எனக்கு ஒரு கேள்வி இருக்கிறது. மாசி மாதம் தோட்டத்தில் காமன் கூத்து நடக்கும்போது பிள்ளைகளை முன்வரிசையில் உட்கார வைப்பது யார்? சிவன் நெற்றிக்கண்ணைத் திறந்து மன்மதனை எரித்துச் சாம்பலாக்குகிறார், ரதி நெஞ்சில் அடித்துக்கொண்டு அழுகிறாள். அர்ச்சுனன் தபசில் ஒரு மனிதன் அவ்வளவு உயர மரத்தில் ஏறி நின்று பாடுகிறான். பொன்னர் சங்கர் கூத்தில் விழும் பிணங்களுக்குக் கணக்கே இல்லை. இதையெல்லாம் இரவு முழுக்கக் கண் விழித்துப் பார்த்துத்தான் நாமும் வளர்ந்தோம். கென்ஷினில் அரக்கன் செத்தால் இரத்தம்கூட வராது, புகையாகக் கரைந்து போகிறான். மந்திரத்தைக் காரணம் காட்டித் தடுப்பவர்களோடு நான் சேர மாட்டேன்.

வயது முத்திரையும் ஏறக்குறைய இதையே சொல்கிறது. ஐரோப்பாவின் பெகி அமைப்பு இந்த விளையாட்டுக்கு 12 என்று முத்திரை குத்தியிருக்கிறது. அமெரிக்காவின் ஈஎஸ்ஆர்பி பதின்மூன்று வயதுக்கு மேல் என்கிறது. அந்தக் கணக்கில் மருமகன் தேறிவிட்டான். ஆனால் முத்திரை குத்துகிறவர்கள் பெரும்பாலும் அளப்பது வன்முறை, ஆபாசம், கெட்ட வார்த்தை ஆகியவற்றைத்தான். உள்ளே காசு கொடுத்து வாங்கும் பொருட்கள் உண்டு, அவை குலுக்கல் முறையில் வரும் என்பதைச் சின்ன எழுத்தில் ஒரு வரியாகச் சேர்த்திருக்கிறார்கள், அவ்வளவுதான். என்னைப் பொறுத்தவரை அந்த ஒரு வரியில்தான் முழு விவகாரமும் இருக்கிறது.

விளையாட்டில் புதிய வீரர்கள் கடையில் விலைச்சீட்டோடு கிடைப்பதில்லை. பெரும்பாலும் குலுக்கலில்தான் வருவார்கள். ஒரு தடவை இழுக்க பிரைமோஜெம் என்ற விளையாட்டுக் காசு 160 வேண்டும். பொத்தானை அழுத்தினால் இரவு வானத்தில் ஓர் எரிகல் பாய்ந்து வருகிறது. நீல நிறமாக விழுந்தால் உதவாத ஆயுதம், ஊதா என்றால் பரவாயில்லை, பொன்னிறம் என்றால் ஐந்து நட்சத்திரம், அதுதான் உச்ச தரம். நான் இஸ்தோப்பில் உட்கார்ந்து அழுத்தினேன், மருமகன் என் தோளுக்குப் பின்னால் நின்றான். எரிகல் பாதி வழி வரும்வரை அவன் மூச்சு விடவில்லை. நீலம். "மாமா, இன்னொரு தடவை" என்றான். மறுபடியும் நீலம். "கடைசியாக ஒன்றே ஒன்று." அதற்கும் நீலம். கணித வினாத்தாளை இந்தக் கவனத்தோடு அவன் பார்த்து நான் கண்டதில்லை.

பொன்னிறம் விழும் வாய்ப்பு எவ்வளவு என்று விளையாட்டே எழுதி வைத்திருக்கிறது. ஒரு தடவைக்கு 0.6 சதவீதம், அதாவது ஆயிரத்துக்கு ஆறு. 90 தடவை இழுத்தால் ஒன்று உறுதி, ஆனால் நாம் ஆசைப்பட்ட வீரர்தான் வருவார் என்ற உறுதி அதில் இல்லை. தினமும் விளையாடினால் இலவசமாகவும் ஜெம் சேரும், மெதுவாக. அவசரக்காரர்களுக்குக் கடை திறந்திருக்கிறது. முதல் தடவைச் சலுகையை விட்டுவிட்டுப் பார்த்தால், ஏறக்குறைய நூறு அமெரிக்க டொலருக்கு 8,080 ஜெம் கிடைக்கும். வகுத்துப் பாருங்கள், ஐம்பது இழுப்பு. நூறு டொலரைக் கொட்டினாலும் அந்த உறுதியான தொண்ணூறை எட்ட முடியாது. டொலரை முந்நூறு ரூபாவாக வைத்தால் முப்பதாயிரம் ரூபா. 2024இல் தோட்டத் தொழிலாளியின் நாளாந்த அடிப்படைச் சம்பளம் 1,350 ரூபாவாக உயர்த்தப்பட்டது. அந்தக் கணக்கில், அட்டைக்கடியோடும் மழையோடும் இருபத்திரண்டு நாள் கொழுந்து பறித்த கூலி இந்த ஐம்பது எரிகல்லுக்குப் போய்விடும்.

பஸ் நிலையத்தில் விற்கும் லொத்தர் சீட்டை வாங்கிப் பிள்ளை சுரண்டிக்கொண்டிருந்தால் நாம் சும்மா இருப்போமா? இசையும் வாணவேடிக்கையும் சேர்ந்து அதே சீட்டு போனுக்குள் வந்தால் மட்டும் "பிள்ளை விளையாடுகிறான்" என்று விட்டுவிடுகிறோம். அமெரிக்காவின் மத்திய வர்த்தக ஆணையம் அப்படி விடவில்லை. 2025 ஜனவரியில் இந்த விளையாட்டின் நிறுவனம் இரண்டு கோடி டொலர் செலுத்தவும், பெற்றோரின் சம்மதம் இல்லாமல் பதினாறு வயதுக்குக் குறைந்தவர்களுக்குக் குலுக்கலை விற்காமல் இருக்கவும் ஒப்புக்கொண்டது. ஆக, முத்திரை பன்னிரண்டு என்கிறது, குலுக்கலுக்கு ஒழுங்குமுறை ஆணையம் பதினாறு என்கிறது. ஒரே விளையாட்டுக்குள் இரண்டு வயதுகள். அந்த ஒப்பந்தம் அமெரிக்காவுக்கு மட்டும்தான், மஸ்கெலியாப் பிள்ளைக்கு அந்தக் காவல் கிடையாது. இங்கே நாம்தான் காவல்.

அந்தக் காவலும் லேசான வேலையில்லை. கூகுள் பிளேயில் ஒவ்வொரு கொள்முதலுக்கும் கடவுச்சொல் கேட்கும்படி வைக்கலாம், வைத்துவிட்டேன். அப்போதுதான் மருமகன் வெள்ளந்தியாகச் சொன்னான்: டவுனில் ஒரு கொமியூனிகேஷன் கடையில் விளையாட்டுக் கணக்கின் இலக்கத்தையும் காசையும் கொடுத்தால் போதுமாம், அவர்களே போட்டுவிடுவார்களாம். கடவுச்சொல்லே தேவையில்லை. உண்மைதான், கணக்கு இலக்கத்தை மட்டும் வைத்துக் காசு ஏற்றும் வழி இணையத்தில் இருக்கிறது. தாய் அனுப்பும் காசிலிருந்து டியூஷன் கட்டணம் பிள்ளையின் கையில் ரொக்கமாகப் போகிற வீட்டில் எந்தப் பூட்டும் பாதிப் பூட்டுதான். டியூஷன் காசை இனி நானே ஆசிரியரிடம் நேரில் கொடுப்பதாக ஏற்பாடு.

நேர விஷயத்தில் எனக்குப் பெரிய பயம் இல்லை. சீனா 2021இல் செய்ததுபோலப் பதினெட்டு வயதுக்குக் குறைந்தவர்களுக்கு வெள்ளி, சனி, ஞாயிறு, அரச விடுமுறை நாட்களில் மட்டும், இரவு எட்டு முதல் ஒன்பது வரை என்று பூட்டுப் போட நம்மிடம் ஆளும் இல்லை, அவசியமும் இல்லை. ஆனால் பிள்ளை "இப்போது உள்ளே போகாவிட்டால் வீணாகிவிடும்" என்று சொன்னால் நம்பாதீர்கள். ரெசின் என்றொரு சக்தி எட்டு நிமிடத்துக்கு ஒன்றாக ஊறும், 200 நிரம்ப இருபத்தாறு மணி நேரத்துக்கு மேல் ஆகும். தூங்கி எழுந்து பார்த்தாலும் அது அங்கேதான் இருக்கும். ஆசியச் சேவையகத்தில் விளையாட்டின் நாள் மாறுவது நம் நேரப்படி இரவு 1.30க்கு. அன்றன்றைக்குரிய நான்கு வேலைகளை மாலையிலேயே முடித்துவிடலாம். இந்தக் கணக்கை மாமாவும் தெரிந்து வைத்திருக்கிறார் என்று தெரிந்ததும் பையனின் வாதம் பாதியாகக் குறைந்துவிட்டது.

முகம் தெரியாதவர்கள் அவனுடைய உலகத்துக்குள் வந்து சேர்ந்து விளையாடவும் பேசவும் முடியும். அனுமதியில்லாமல் யாரும் நுழையக் கூடாது என்று அமைப்பில் மாற்றிவிட்டேன். பள்ளிக்கூட நண்பர்கள் வரலாம். யாராவது படம் கேட்டாலோ வேறு செயலிக்குப் பேச அழைத்தாலோ அடி விழாது, என்னிடம் வந்து சொல்ல வேண்டும் என்று பேசி வைத்திருக்கிறேன். விவகாரம் முற்றினால் தேசிய சிறுவர் பாதுகாப்பு அதிகார சபையின் 1929 இருக்கிறது.

நல்லதையும் சொல்ல வேண்டும். விளையாட்டில் தமிழ் இல்லை, கதை முழுக்க ஆங்கிலத்தில்தான் வாசிக்கிறான். தெரியாத சொல்லுக்கு அகராதி தேடுகிறான். இதை வைத்துச் சாதாரண தரத்தில் ஆங்கிலம் பாஸ் ஆகிவிடும் என்று அவன் அம்மாயியிடம் அளந்துவிட்டது மட்டும் கொஞ்சம் அதிகம்.

ஆகவே தங்கைக்கு நான் சொன்னது இதுதான். விளையாடட்டும், இரவு ஒன்பதுக்குப் போன் அம்மாவின் தலையணைக்கடியில் போகட்டும். இலவசமாகச் சேரும் ஜெம்மை அவன் விருப்பப்படி இழுக்கட்டும். காசு மட்டும் பதினாறு வயது வரை ஒரு சதமும் கிடையாது, பிறந்தநாளுக்கும் கிடையாது, தீபாவளிக்கும் கிடையாது. பையன் ஒரு நாள் முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டான், பிறகு சரி என்றான்.

டவுனில் கொமியூனிகேஷன் கடை நடத்தும் தம்பிமாருக்கு ஒரு வேண்டுகோள். பள்ளிச் சீருடையோடு ஒரு பிள்ளை ஐயாயிரம் ரூபாவை நீட்டி விளையாட்டுக்குப் போடச் சொன்னால், காசை வாங்குவதற்கு முன் வீட்டுத் தொலைபேசி இலக்கத்தைக் கேட்டு ஓர் அழைப்பு எடுத்துப் பாருங்கள்.