மின்விளக்குக்கு முன் மேடை இருட்டா?

"மின்விளக்கு வந்த பிறகுதான் மேடை ஒளியமைப்பே வந்தது, அதுவரை நாடகமெல்லாம் பகலில்தான்" என்று ஒரு பதிவு சுற்றுகிறது. தவறு. பண்டைய கிரேக்கத்தில் பகலில் நடந்தன, சரி. ஆனால் 1545-லேயே இத்தாலியக் கட்டடக்கலைஞர் செர்லியோ, கண்ணாடிக் குப்பியில் நிறநீர் நிரப்பி, பின்னால் விளக்கேற்றி வண்ண ஒளி பெறும் வழியை எழுதிவிட்டார். மெழுகுவர்த்திக் காலத்தில், கருகிய திரியைக் கத்தரிக்கவென்றே ஆள் இருந்தார்.

1817-ல் லண்டன் அரங்குகளுக்கு எரிவாயு வந்தது. அப்புறம் சுண்ணாம்பு விளக்கு: ஆக்சிஜன், ஹைட்ரஜன் சுடரில் சுண்ணாம்புக் கட்டி வெண்ணிறமாக ஒளிரும். ஒரே இடம் குழிவிழாதபடி, ஒருவர் பக்கத்திலேயே நின்று அதைத் திருப்பிக்கொண்டே இருக்க வேண்டும். நடிகரைத் தொடரும் ஒளிவட்டமெல்லாம் அப்போதே உண்டு. லண்டன் சவோய் அரங்கில் மேடைவரை மின்னொளி வந்தது 1881 டிசம்பரில்தான்.