மாட்டைப் பாத்து ‘தம்’னு கத்தாதவன் என்ன சிப்பாய்?

அந்த டெமோ வீடியோவ இதுவரைக்கும் நாலு பேர் அனுப்பிட்டீங்க, போதும். ராணுவ ட்ரெய்னிங்குக்காக கம்ப்யூட்டர்ல பண்ணின, பயமே இல்லாத, தப்பே பண்ணாத சிமுலேஷன் சிப்பாயாம். அதுக்கு அவ்ளோ கைதட்டு! தப்பே பண்ணலன்னா அது துப்பாக்கி மாட்டின சிசிடிவிங்க.

யார் எந்தப் புதர்ல ஒளிஞ்சிருக்கான்னு கம்ப்யூட்டருக்கு முன்னாடியே தெரியும், அத அப்படியே சிப்பாய் கையில குடுத்துட்டு பாருங்க எப்படி சுடறான்னா, கொஸ்டின் பேப்பர லீக் பண்ணிட்டு பையன் சென்டம்னு ஸ்வீட் குடுக்கற மாதிரி இருக்கு. மனுஷனுக்கு மொதல்ல ‘ஏதோ இருக்கு’, அப்புறம் ‘ஆளு மாதிரி இருக்கு’, அதுக்கப்புறம்தான் ‘நம்மாளா அவனா’. 1958லயே ஜான் ஜான்சன்னு ஒரு அமெரிக்க நைட் விஷன் ஆராய்ச்சியாளர் இதப் படிப்படியா பிரிச்சு வச்சிட்டார். ஒவ்வொரு படியிலயும் இருட்டு, தூரம், தூக்கம், பயம் எல்லாம் குறுக்க வரும். அத மாடல் பண்றதுதாங்க வேலையே.

‘நீ என்ன பட்டாளத்துக்குப் போனியா’ம்பீங்க. போகல. எங்க சித்தப்பா போனாரு. ராத்திரி சென்ட்ரி டூட்டில ஒரு மாட்டைப் பாத்து ‘தம்’னு, அதாவது ‘நில்லு’ன்னு ஹிந்தில கத்தி மொத்த பேரக்கையும் எழுப்பி விட்டவரு, ரிட்டயர் ஆகறவரைக்கும் அதச் சொல்லியே ஓட்டிருக்காங்க. அந்த மாடு உங்க சிமுலேஷன்ல எங்க?

‘கேம்தான, விடு’. கேம்னா விட்டுடுவேன், இத வச்சு ட்ரெய்னிங் குடுக்கறாங்களே. 1988 ஜூலை 3, பாரசீக வளைகுடா. வின்சென்ஸ்ங்கற அமெரிக்கப் போர்க்கப்பலோட கம்ப்யூட்டர் எதிர்ல வந்த ஒரு விமானம் மேல ஏறுதுன்னு சரியாத்தான் பதிவு பண்ணுச்சு. உள்ள இருந்தவங்க கீழ எறங்குது, எஃப்-14 போர் விமானம்தான்னு சொன்னாங்க, சுட்டுட்டாங்க. டேக் ஆஃப் ஆகி ஏழே நிமிஷம், அது ஈரான் பயணிகள் விமானம், செத்தது 290 பேர். எதிர்பாத்தது கண்ணுல தெரிஞ்சிருக்கு. உங்க தப்பே பண்ணாத ஆள அங்க உக்கார வச்சா அந்த சம்பவமே நடக்காது, அப்புறம் அதுலேந்து எவன் என்னத்த கத்துக்குவான்?

ஆயிரம் சிப்பாய இப்படி ஓட்டணும்னா மெஷின் தாங்காதுன்னு ஒருத்தர் சொன்னாரு. சரி, அது நியாயம். ஒத்துக்கறேன்.

ஆனா நான் எழுதின கோடு ஓடுச்சுங்க. முன்ன வேல பாத்த இடத்துல ரெண்டு மாசம் ராத்திரி முழிச்சு எழுதினேன், முன்னாடி பாத்துட்டு நிக்கறவனுக்கு முதுகுப்பக்கம் தெரியாதுன்னு. டெமோல எதிரி பின்னாடி நைசா நடந்து போனான், இவன் திரும்பல. நான் உள்ளுக்குள்ள துள்ளிட்டு இருக்கேன், மேனேஜர் எல்லாருக்கும் முன்னாடி ‘இவனுக்குக் கண்ணு அவிஞ்சு போச்சா, கோட்ல ஏதோ பக் (bug) இருக்கு’ன்னு சிரிச்சாரு. அன்னிக்கு சாயங்காலமே மொத்தத்தையும் தூக்கிட்டு ஒரே வரி போட்டாங்க, எல்லாருக்கும் எல்லாம் தெரியும்னு.

வீடியோல மொத வரிசைல உக்காந்து கைதட்டறது அவருதான். தயவுசெஞ்சு இன்னொரு தடவ அனுப்பாதீங்க.