அந்த மாடி அறை டேப்பைத் திரும்பக் கேட்டபோது

ஒரு மாதமாக ராத்திரி சாப்பாட்டுக்கு அப்புறம் ஹெட்ஃபோனை மாட்டிக்கொண்டு ஒரே தொகுப்பைத்தான் கேட்கிறேன். 'ராக்கெட் ஃப்ரம் தி டூம்ஸ்' என்று ஒரு இசைக்குழு. அமெரிக்காவில் ஒஹாயோ மாநிலத்து க்ளீவ்லாண்ட் நகரம் அவர்களுடையது. 1974 நடுவில் தொடங்கி 1975 கோடையோடு முடிந்துபோனார்கள். அந்தக் காலத்தில் ஒரு இசைத்தட்டு வெளியிடவில்லை, ஸ்டுடியோவுக்குள் போய் ஒரு பாட்டுகூடப் பதியவில்லை. இருப்பதெல்லாம் 1975 பிப்ரவரியில் அவர்கள் ஒத்திகை பார்த்த மாடி அறையில் பதிந்த டேப்பும், சில மேடை நிகழ்ச்சிப் பதிவுகளும்தான்.

பல வருடங்களுக்கு முன் ஒரு நண்பர் பென் டிரைவில் போட்டுக் கொடுத்தார். அப்போது இரண்டு பாட்டு கேட்டுவிட்டு மூடிவிட்டேன். காரணம், இந்தக் குழு உடைந்துதான் பேர் ஊபு, டெட் பாய்ஸ் என்ற இரண்டு குழுக்கள் உருவாயின, அவர்களுடைய இசைத்தட்டுகளை நான் முன்பே கேட்டு மனப்பாடம் செய்திருந்தேன். அதனால் இந்த டேப் எனக்கு ஒரு அடித்தல் திருத்தலான கைப்பிரதி மாதிரிதான் பட்டது. நல்ல பிரதி கையில் இருக்கும்போது இது எதற்கு என்று நினைத்தேன். 2025 ஏப்ரலில் பாடகர் டேவிட் தாமஸ் காலமானார் என்ற செய்தி படித்த அன்றைக்குத்தான் மறுபடி தேடி எடுத்தேன். நான் நினைத்தது முழுத் தவறு.

எங்கே பார்த்தாலும் இவர்களைப் பங்க் என்கிற வேகமான, முரட்டுத்தனமான ராக் இசையின் 'முன்னோடி' என்றே அறிமுகப்படுத்துகிறார்கள். முன்னோடி என்றால் என்ன, பின்னால் வரப்போகிறவனுக்காக வழியில் நிற்கிறவன். பிப்ரவரி 1975-ல் அந்த அறையில் இருந்த ஐந்து பேரும் யாருக்காகவும் வழியில் நிற்கவில்லை. பாட்டெழுதுகிற, புத்தகம் படிக்கிற பீட்டர் லாஃப்னர் ஒரு கிட்டார். பிற்காலத்தில் சீட்டா க்ரோம் என்று பெயர் வாங்கிய ஜீன் ஓ'கானர் இன்னொரு கிட்டார், அவருக்கு வேண்டியது வேகமும் சத்தமும். பேஸ் கிட்டாரில் கிரெய்க் பெல், டிரம்ஸில் ஜானி மடான்ஸ்கி. எல்லோருக்கும் முன்னால் டேவிட் தாமஸ், பெரிய உடம்பு, உள்ளிருந்து கீச்சென்று கிளம்பும் குரல். எல்லாருக்கும் இருபதை ஒட்டிய வயது. ஒருவருக்கு வேண்டியது இன்னொருவருக்கு வேண்டாம். அந்த இழுபறி அப்படியே பாட்டுக்குள் கேட்கிறது, அதனால்தான் இந்த டேப்பை நான் இவ்வளவு நேசிக்கிறேன். அவரவர் பிரிந்து போய்த் தனக்குப் பிடித்ததை மட்டும் செய்தபோது இரண்டு பக்கமும் நல்ல இசைத்தட்டுகள் வந்தன, ஆனால் இந்த இழுபறி இரண்டிலும் இல்லை.

'சானிக் ரெட்யூசர்' பாட்டை எடுத்துக்கொள்ளுங்கள். 1977-ல் டெட் பாய்ஸ் தங்கள் முதல் ஆல்பத்தை இதில்தான் தொடங்கினார்கள், பங்க் கேட்கிறவர்கள் எல்லாருக்கும் தெரிந்த பாட்டு. அதில் பாடுகிறவன் தெருவில் சண்டைக்கு நிற்கிறான். மாடி அறை டேப்பில் அதே வரிகளைத் தாமஸ் பாடும்போது, கதவைப் பூட்டிக்கொண்டு உள்ளே உட்கார்ந்து தனக்குத்தானே கத்துகிற பையன் ஒருவன் வந்துவிடுகிறான். எனக்கு அந்தப் பையனைத் தெரியும், பதினேழு வயதில் நானும் அப்படித்தான் இருந்தேன்.

1942-ல் டோக்கியோ மீது குண்டு வீசப் போன அமெரிக்க விமானியின் பார்வையில் எழுதிய நீண்ட பாட்டு ஒன்றும் உண்டு. இதையே 1975 டிசம்பரில் பேர் ஊபு தங்கள் முதல் சிங்கிளாக (ஒன்றிரண்டு பாட்டு மட்டும் உள்ள சின்ன இசைத்தட்டு), சொந்தக் காசில், சிந்தசைசர் சேர்த்து வெளியிட்டார்கள். அது அற்புதமான பதிவு, மறுக்கவில்லை. ஆனால் இங்கே சிந்தசைசர் கிடையாது, இரண்டு கிட்டாரும் ஒன்றையொன்று உரசிக்கொண்டே விமானச் சத்தத்தை உண்டாக்குகின்றன, எங்கே போய் இறங்கப்போகிறோம் என்று வாசிக்கிறவர்களுக்கே தெரியாத மாதிரி இருக்கிறது.

அந்த ஊரையும் நினைத்துக்கொள்ள வேண்டும். க்ளீவ்லாண்ட் எஃகு ஆலை ஊர். 1969-ல் அங்கே ஓடும் கயஹோகா ஆற்றில் மிதந்த எண்ணெய்க் கழிவு தீப்பிடித்து எரிந்தது, ஆறே எரிந்த ஊர். 1970-ல் ஏழரை லட்சமாக இருந்த மக்கள்தொகை 1980-ல் சுமார் 5,74,000 ஆகிவிட்டது. சொந்தப் பாட்டு பாட இடம் கிடைப்பதே கஷ்டம், மதுக்கடை மேடைகளில் ரேடியோவில் வரும் பாட்டுகளைத்தான் வாசிக்கச் சொல்வார்கள். 1974 டிசம்பரில் வைக்கிங் சலூன் என்ற இடத்தில் இவர்களும், மிரர்ஸ், எலெக்ட்ரிக் ஈல்ஸ் என்ற இன்னும் இரண்டு உள்ளூர்க் குழுக்களும் ஒரே ராத்திரியில் வாசித்தார்கள். உள்ளூர் எஃப்.எம். நிலையமான டபிள்யூ.எம்.எம்.எஸ். அந்த மாடி அறை டேப்பை ஒலிபரப்பியது. அவ்வளவுதான், அப்புறம் மௌனம்.

அதன் பிறகு அந்த டேப்பை உயிரோடு வைத்திருந்தது எந்தக் கம்பெனியும் இல்லை. பிரதியிலிருந்து பிரதி எடுத்துக் கைமாற்றிய ஆட்கள்தான். அனுமதியில்லாத இசைத்தட்டுகளாகவும் சுற்றியது. 2002-ல்தான் ஸ்மாக் வெயில் என்ற சின்ன நிறுவனம் இதை முறையாகத் தொகுத்து வெளியிட்டது, கிட்டத்தட்ட 27 வருடம் கழித்து! காசெட்டிலிருந்து காசெட்டுக்குப் பாட்டு ஏற்றி வளர்ந்தவன் என்பதால் இதில் எனக்குத் தயக்கமே இல்லை, சட்டம் என்ன சொன்னாலும் அந்தப் பெயர் தெரியாதவர்களுக்கு நான் கடன்பட்டிருக்கிறேன். இன்னொன்று, இப்போது இரைச்சலை எல்லாம் துடைத்தெடுக்கும் மென்பொருள் வந்துவிட்டது. தயவுசெய்து யாரும் இந்த டேப்பில் கை வைக்காதீர்கள். அந்த இரைச்சலில் அந்த அறையின் சுவர் இருக்கிறது.

லாஃப்னரைப் பற்றிச் சொல்லாமல் விட முடியாது. சின்ன வயதிலேயே சாவது வேடிக்கையாக இல்லையா என்று கேட்கிற பாட்டு ஒன்றை ஓ'கானரோடு சேர்ந்து எழுதினார். 1993-ல் கன்ஸ் அன் ரோஸஸ் என்ற ராக் குழுவினர் அதைப் பாடி உலகம் முழுக்கக் கொண்டுபோனார்கள். குடியும் போதையும் உடம்பைத் தின்று, 1977 ஜூனில் 24 வயதில் லாஃப்னர் இறந்துபோனார், கணைய அழற்சி. அந்தச் சாவை ராக் வாழ்க்கையின் அடையாளம் மாதிரி கொண்டாடி எழுதுகிறவர்களைப் படித்தால் எனக்குக் கோபம் வருகிறது. 2003-ல் மிச்சமிருந்தவர்களில் மூன்று பேர் மறுபடி ஒன்றுசேர்ந்தபோது அவர் இடத்தில் டெலிவிஷன் குழுவின் ரிச்சர்ட் லாய்ட் கிட்டார் வாசித்தார். 1975 ஜூலையில் டெலிவிஷன் குழு க்ளீவ்லாண்ட் வந்தபோது அதே மேடையில் முன்னால் வாசித்தது லாஃப்னர் இருந்த இதே குழு.

2019-ல் லாஃப்னரின் தனிப் பதிவுகளும் பெரிய தொகுப்பாக வந்தன. அதில் ஒன்று, க்ளீவ்லாண்டை ஒட்டிய பே வில்லேஜில் பெற்றோர் வீட்டில் தனியாக உட்கார்ந்து, இறப்பதற்குச் சில மணி நேரம் முன்பு பாடிப் பதிந்தது. அதை ஒரு தடவை கேட்டேன், இரண்டாம் தடவைக்கு மனசு வரவில்லை. மாடி அறை டேப்புக்கே திரும்பிவிட்டேன். அதில் அவருக்கு 22 வயது, பக்கத்தில் நாலு பேர் இருக்கிறார்கள், டிரம்ஸ் கொஞ்சம் அதிகமாகவே சத்தம் போடுகிறது.